சின்ன ரிவால்வர்... .22-ஆ, .32-ஆ? புதுக்கோட்டையில் போட வேண்டிய கணக்கு

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பதரை மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வீட்டுக்குப் போகிறவர். கைத்துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு கலெக்டர் ஆபீஸுக்கு விண்ணப்பம் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, பல மாதம் அலைந்து ஒருவழியாக உரிமம் கைக்கு வந்துவிட்டது. சட்டைக்குள் தெரியாமல் வைத்துக்கொள்ளும்படி சின்ன ரிவால்வர் ஒன்று வாங்க வேண்டும். அதில் எந்த அளவுத் தோட்டா?

மச்சானைக் கேட்டால், "பெருசா வாங்கு மாப்ள, ஒரே போடுல முடிஞ்சிடணும்" என்பார். மனைவியோ, "கைக்கு அடக்கமா, லேசா இருக்கறதா பாருங்க. பிள்ளைங்க இருக்கிற வீடு" என்பார். யூடியூபைத் திறந்தால் அமெரிக்கர்கள் .38 ஸ்பெஷலா, .357 மேக்னமா, 9 எம்.எம்-மா என்று மணிக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள். கேட்கச் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் பட்டியலில் முக்கால்வாசி புதுக்கோட்டைக்கு வந்து சேராது.

காரணம், சட்டம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும் துப்பாக்கிகளை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று, தடைசெய்யப்பட்ட போர், பேச்சுவழக்கில் 'பி.பி.' இன்னொன்று தடையில்லாத போர், 'என்.பி.பி.' 9 எம்.எம்., .38, .455 கைத்துப்பாக்கிகள் முதல் ரகம். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா வெளியாள் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் எண்ணம். பி.பி. உரிமம் வேண்டுமென்றால் மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். மாவட்ட கலெக்டர் தரக்கூடியது என்.பி.பி. மட்டும்தான். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைச் சாதாரண ஆள் இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. பெயர் பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதற்கு முன்பு வந்து, கைமாறிக் கைமாறி ஓடும் பழைய வெப்ளி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களுக்கு இன்றும் யானை விலை.

ஆக, புதிதாக ஒரு ரிவால்வர் வாங்கப் போகிறவருக்கு நடைமுறையில் மிஞ்சுவது இரண்டே அளவு. .32, .22. மச்சானின் 'பெருசு' இங்கே .32-லேயே முடிந்துவிடுகிறது.

.32 என்றால் என்ன?

அங்குலத்தில் நூற்றுக்கு 32 பங்கு என்று பொருள். குண்டை உண்மையில் அளந்தால் கொஞ்சம் குறையும், 7.9 மில்லிமீட்டர் வரும். இந்திய ரிவால்வர்களில் போடும் தோட்டாவின் முழுப்பெயர் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். 1896-ல் பிறந்தது. அதே ஆண்டில் நியூயார்க் நகரப் போலீஸ் .32 ரிவால்வருக்கு மாறியது. அந்த முடிவை எடுத்த போலீஸ் கமிஷனர், பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட். அமெரிக்கப் போலீஸ் பிற்பாடு .38-க்கு நகர்ந்துவிட்டது. .32-ஐக் கைவிடாமல் வைத்துக்கொண்டது, சுடும் விளையாட்டுக்காரர்களும் நம் ஊர் லைசென்ஸ்தாரர்களும்தான்.

விளையாட்டுக்காரர்கள் ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. இந்தத் தோட்டா கையை உதைக்காது, குறி தவறாது. சர்வதேசப் போட்டிகளில் 'சென்டர் ஃபயர் பிஸ்டல்' என்ற பிரிவில் இன்றும் பெரும்பாலானோர் கையில் இருப்பது இதே .32 லாங். 2022-ல் திருச்சி ரைஃபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்தபோது நடிகர் அஜித் வந்து சுட்டதும், அவரைப் பார்க்க ஊரே திரண்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

எடையைப் பார்ப்போம். .22 குண்டு சுமார் 2.6 கிராம். .32 குண்டு சுமார் 6.3 கிராம். நமக்குக் கிடைக்காத .38 ஸ்பெஷல் சுமார் 10 கிராம். சின்னக் குழாயிலிருந்து வெளியேறும்போது இவற்றின் ஆற்றல் உத்தேசமாக 100, 150, 270 ஜூல் என்ற வரிசையில் நிற்கும். தயாரிப்பையும் குழாய் நீளத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். அமெரிக்க வீடியோக்களில் .38-ஐயே 'குறைந்தபட்சம்' என்கிறார்கள். நம்முடைய உச்சவரம்பு அவர்களுடைய தரைக்கும் கீழே இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு நகைக்கடைக்காரர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. 1986-ல் அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். தோட்டா போதவில்லை என்று முடிவுகட்டி எஃப்.பி.ஐ. பெரிய அளவுகளுக்கு மாறியது. முதலில் 10 எம்.எம்., பிறகு .40. ஏறக்குறைய 30 ஆண்டு கழித்து மறுபடி 9 எம்.எம்-முக்கே திரும்பி வந்துவிட்டது. கைத்துப்பாக்கிகளுக்குள் அளவு வித்தியாசம் நினைத்த அளவுக்கு வேலை செய்வதில்லை, குண்டு போதிய ஆழம் போகிறதா, சரியான இடத்தில் படுகிறதா என்பதுதான் முக்கியம் என்பது அவர்கள் சொன்ன காரணம். 'ஒரே போடு' என்பது சினிமாவுக்குச் சரி.

250 கிராமா, 700 கிராமா?

.22-க்கும் .32-க்கும் இடையிலான போட்டி, உண்மையில் எடைக்கும் நம்பகத்துக்கும் இடையிலான போட்டிதான்.

மேற்கு வங்காளத்தில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி 'நிடர்' என்ற .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை 250 கிராம். பெரிய செல்போனைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அறிமுக விலை சுமார் 35,000 ரூபாய். அதற்கு முன்பு, 2014 ஜனவரியில், கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். 2023-ல் கான்பூரிலிருந்து 'பிரபல்' வந்தது. இதுவும் .32. தோட்டா இல்லாமல் 700 கிராம், குழாய் 76 மில்லிமீட்டர். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். பழைய அரசு .32 ரிவால்வர்கள் வெப்ளி மாதிரி நடுவில் மடிந்து திறப்பவை. அந்த வெப்ளி கம்பெனியின் பெயரிலேயே உத்தரப்பிரதேசத்தின் சண்டிலாவில் 2020 முதல் தனியார் தயாரிப்பும் நடக்கிறது.

புதுக்கோட்டைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஆயுதத் தொழிற்சாலை, திருச்சி விமான நிலையத்தைத் தாண்டி நவல்பட்டுப் பக்கம் 1966-ல் தொடங்கப்பட்டது. 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' அங்கே பிறந்ததுதான். ஆனால், ரிவால்வருக்குப் பெயர்போன ஊர் கான்பூர்.

சட்டைக்குள் வைக்க 250 கிராம் சொகுசு. பெல்ட்டை இழுக்காது, பைக்கில் உட்கார்ந்தால் குத்தாது. வேட்டி கட்டுகிறவருக்கு 700 கிராம் என்பது நிஜமான சங்கடம். பெல்ட் இல்லாமல் அதை எங்கே மாட்டுவது? சொகுசில்லாத துப்பாக்கி நாலாவது நாளே பீரோவுக்குள் போய்விடும். எடை குறைந்ததை வாங்குகிறவர்களின் வாதம் இதுதான். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால், .22-க்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. .32 தோட்டாவின் பின்பக்கம் நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கும். சுத்தியல் போல வந்து விழும் ஊசி அதில் பட்டதும் தீப்பிடிக்கும். .22-ல் அப்படித் தனி மூடி கிடையாது. தீப்பிடிக்கும் மருந்து, விளிம்பின் உட்புறம் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். பூச்சு ஓரிடத்தில் மெலிந்திருந்து, ஊசி அங்கே பட்டால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. .32-ல் இப்படி ஆவது அபூர்வம், .22-ல் அவ்வளவு அபூர்வமில்லை. ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும் என்பது ஒரு ஆறுதல்.

அந்த விசையிலும் ஒரு சங்கதி. விளிம்பை நசுக்கி வெடிக்கவைக்க சுத்தியல் பலமாக விழ வேண்டும், அதற்கு உள்ளே கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். அதனால், .22 ரிவால்வரின் விசையை ஒரே இழுப்பில் இழுத்துச் சுடுவது பல .32-களைவிடக் கடினமாகவே இருக்கும். 'லேசானது, சின்னக் கைக்கு ஏற்றது' என்று விற்கப்படுகிற துப்பாக்கியில் விரலுக்குத்தான் அதிக வேலை. கால் கிலோ எடையுள்ள பொருளை நாலைந்து கிலோ பலத்தோடு இழுத்தால் குழாயின் முனை எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசித்தால் போதும். கடைக்காரர் கையில் கொடுக்கும்போது, துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு, அவருடைய அனுமதியோடு விசையை இழுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது உரிமம் வாங்குவதாக இருந்தால், இழுத்துப் பார்க்க வேண்டியது அவருடைய விரல்.

.32 வாங்குகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். .32 என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. இஷாப்பூரின் 'அஷானி' போன்ற பிஸ்டல்களுக்கு வருவது .32 ஏ.சி.பி. தோட்டா. ரிவால்வருக்கு வேண்டியது .32 லாங். எண் ஒன்று, ஆள் வேறு. பெட்டியில் உள்ள முழுப்பெயரையும் துப்பாக்கிக் குழாயில் பொறித்திருப்பதையும் ஒத்துப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

விளம்பரங்களில் 'ரேஞ்ச்' என்று ஒரு கணக்கு வரும். நிர்பீக்குக்கு 15 மீட்டர், பிரபலுக்கு 50 மீட்டர். இதைப் படிக்கிற பலரும் 50 மீட்டர் போனதும் குண்டு பொத்தென்று விழுந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் சொல்வது, அந்தத் தூரம் வரை குறிபார்த்து அடிக்க முடியும் என்பதை மட்டுமே. குறி தவறிய குண்டு அதற்குப் பிறகும் போய்க்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றிலும் சின்னதான .22 தோட்டாவின் பெட்டியிலேயே, ஒரு மைலுக்கு மேலும் ஆபத்து என்ற எச்சரிக்கையை அமெரிக்கக் கம்பெனிகள் அச்சடிக்கின்றன.

தூரத்திலிருந்து வரும் குண்டு என்ன செய்யும் என்று புதுக்கோட்டை மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 30-ம் தேதி. நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். தளத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு வந்து பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3-ம் தேதி அவன் இறந்துபோனான். தளத்தில் சுடுவது நிறுத்தப்பட்டது. அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

அங்கே சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படையினர். சுட்ட இடம், சுடுவதற்கென்றே ஒதுக்கிய இடம். பின்னால் மலை இருந்தது. படையினரின் துப்பாக்கியும் சட்டைக்குள் வைக்கும் ரிவால்வரும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால், கீழ ராஜ வீதியில் பின்னால் மலை கிடையாது. டீக்கடை இருக்கிறது. பூக்காரம்மா இருக்கிறார். மாடியில் குடித்தனம் இருக்கிறது. செங்கல் சுவர் சின்னக் குண்டைத் தடுக்கலாம். ஜன்னல் கண்ணாடியோ, கீற்றோ, தகரத் தடுப்போ தடுக்காது. இரவு ஒன்பதரை மணிக்குப் பதற்றத்தில் ஆறு தோட்டாவையும் சுட்டால், அதில் எத்தனை எதிரில் இருப்பவர்மேல் படும் என்று நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அளவு பற்றிய கேள்வி இந்த இடத்தில்தான் தலைகீழாகிறது. எதிரியை நிறுத்த எது போதும் என்று மட்டும் கேட்டால் பெரியது ஜெயிக்கும். ஆறில் ஒன்றுகூட வீணாகாமல் என்னால் எதைச் சுட முடியும் என்று கேட்டால், உதைக்காத, கொஞ்சம் கனமான .32 முன்னுக்கு வருகிறது. லேசான .22 பின்தங்குவது குண்டு சின்னது என்பதால் மட்டும் இல்லை. அவ்வளவு லேசான பொருளை, அவ்வளவு கடினமான விசையோடு, நடுங்கும் கையில் நேராகப் பிடிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம்.

கோர்ட்டில் என்ன கேட்பார்கள்?

இந்தியாவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போவது தனிச் சலுகை கிடையாது, அதுதான் விதியே. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், வெளியே தெரியாமல் மூடியிருக்க வேண்டும், எடுத்துப் போகிறவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன 2016 விதிகள். எடுத்துக் காட்டி மிரட்டுவதற்குத் தடை. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும், அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று 2019 திருத்தம் சொல்கிறது. உரிமம் எந்த மாவட்டம் அல்லது மாநிலம் வரை செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சி வரை சரக்கெடுக்கப் போகிறவருக்கு இது முக்கியம்.

தற்காப்பு உரிமை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு அதிகமான தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பாலியல் வன்கொடுமைக்கோ நியாயமான பயம் இருந்தால், எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது 38. கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, அப்பாவிக்கும் ஆபத்து வரலாம் என்ற நிலையில் சுடுவதைப் பற்றியே 44-வது பிரிவு பேசுகிறது. உயிர்பயம் உண்மையாக இருக்கும்போது அந்த அபாயத்தை ஏற்கலாம் என்று அது அனுமதிக்கிறது. ஆனால், அப்படி ஒரு நிலை இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு சுட்டவருடையது.

செயின் பறித்துக்கொண்டு பைக்கில் பறக்கிறவன் முதுகைப் பார்த்துச் சுட்டால் இந்தப் பிரிவுகள் கை கொடுப்பது கஷ்டம். உயிர்பயம் அதற்குள் விலகிப் போயிருக்கும். நம் ஊர்ப் பெண்கள் அன்றாடம் அஞ்சுவது இந்தக் குற்றத்துக்குத்தான். அதற்கு எந்த அளவுத் தோட்டாவும் பதில் இல்லை.

நிர்பீக் வந்தபோது அது 'பெண்களுக்கான துப்பாக்கி' என்றே பேசப்பட்டது. டெல்லி சம்பவம் நடந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். மெரூன் நிற நகைப்பெட்டியில் வைத்துத் தந்தார்கள். அப்போதே பெண்கள் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. ஒன்றேகால் லட்சம் கொடுத்து வாங்க எத்தனை பெண்களால் முடியும், பாதுகாப்பு தர வேண்டிய அரசே துப்பாக்கி விற்கலாமா என்றெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். இன்னொரு கேள்வியும் உண்டு. கைப்பையின் அடியில், சில்லறைக்கும் சாவிக்கும் மாத்திரை அட்டைக்கும் கீழே கிடக்கிற ரிவால்வரை எடுக்க எத்தனை நொடி ஆகும்? கைப்பையையே பிடுங்கிக்கொண்டு போனால்? துப்பாக்கிக்கென்று தனி அறை, தனி உறை இல்லாத பையில் அதைப் போடவே கூடாது.

எங்கே பழகுவது?

உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வாங்கிய ரிவால்வரைப் பத்து வருடத்தில் ஒருமுறைகூடச் சுடாதவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பூஜைக்கு எடுத்து, பொட்டு வைத்து, மறுபடி பீரோவில் வைப்பதோடு சரி.

புதுக்கோட்டைக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. தொண்டைமான் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 'ட்ராப்' பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டவர். சுடும் விளையாட்டுக்கு இந்த ஊரில் ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது, ஒரு மணி நேரப் பயணத்தில் திருச்சி ரைஃபிள் கிளப் இருக்கிறது. உறுப்பினராகி, முறையான தளத்தில், சொல்லித் தருபவர் பக்கத்தில் நிற்கச் சுட்டுப் பழகலாம். ஏழு மீட்டரில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள், அவசரப்படாமல் ஆறு தோட்டாவையும் வைக்க முடிகிறதா என்று பார்க்கலாம். முடியவில்லை என்றால், அந்த ரிவால்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைவீதியில் நடக்க இன்னும் நேரம் வரவில்லை.

எடுத்துப் போவதற்கான தோட்டாவை வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பதும் தப்பு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. இடுப்போடு ஒட்டியிருக்கும் இரும்பை வியர்வை இரண்டே வாரத்தில் துருப்பிடிக்க வைக்கும். பித்தளைத் தோட்டாவில் பச்சை பூத்தால் அதைப் போடக் கூடாது. பழைய தோட்டாக்களைத் தளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்பிக்கொள்வது, ஒரே செலவில் இரண்டு வேலை.

வீட்டுக்கு வந்ததும் தோட்டா ஓரிடம், துப்பாக்கி ஓரிடம், இரண்டுக்கும் பூட்டு. தலையணைக்கடியில் வைப்பது சினிமா வழக்கம். பிள்ளைகள் தேடாத இடம் என்று வீட்டில் எதுவும் கிடையாது என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். ஆய்வுக் குழு விலக்கு அளித்தவர்களைத் தவிர மற்றவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிவுகள் வந்து, நடத்தை விதிகள் விலகிய பிறகே திரும்பக் கிடைக்கும். அந்த நாட்களில் நகைக்கடைக்காரர் வசூல் பையோடு எப்படி வீடு போகிறாரோ, அந்த வழியை மற்ற நாட்களுக்கும் யோசிக்கலாம். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு, தினம் ஒரே நேரத்தில், ஒரே தெருவில் போகாமல், பணத்தை மாலையே வங்கியில் கட்டிவிட்டு.

கடைசியாக, புதிது வாங்காமல் அப்பா வைத்திருந்த ரிவால்வரையே பயன்படுத்தலாம் என்று நினைக்கிறவர்களுக்கு. உரிமம் அப்பாவின் பெயரில் இருக்கும்போது மகன் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் அது சட்டவிரோத ஆயுதம். அப்பா காலமாகிவிட்டாலோ, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க 2016 விதிகளில் வழி இருக்கிறது. வயது 21 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்னால் குழாயில் பொறித்திருக்கும் அளவைப் பார்க்க வேண்டும். ராணுவத்திலோ போலீஸிலோ இருந்த குடும்பங்களில் .38-ம் .455-ம் கிடைப்பது உண்டு. அது பி.பி. என்பதால், கலெக்டர் ஆபீஸோடு வேலை முடியாது, கோப்பு டெல்லி வரை போக வேண்டும். .32 என்றால், பழைய ரிவால்வர்களில் சிலவற்றுக்கு, கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொடுத்து விசையையும் சிலிண்டரையும் சோதித்து வாங்க வேண்டும். அதுவரை அது ஸ்டேஷனிலோ கடையிலோ ரசீதோடு இருக்கட்டும்.